பெரிய கோவிலை வாசிப்பது எப்படி: யாழ்ப்பாணத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுப் பிள்ளைகளை யாழ்ப்பாணம் மரியன்னை பேராலயத்துக்கு, அதாவது ஊரார் வாயில் இன்றும் 'பெரிய கோவில்' என்றே வழங்கும் ஆலயத்துக்கு, அழைத்துப் போகும் ஒவ்வொரு முறையும் அவர்கள் வாசலில் நின்றபடி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மாமா, இது எத்தனை வருஷத்துக் கோவில்?" இதற்கு ஒரே சொல்லில் விடை கிடையாது. இந்த நகரத்தில் நடந்துவரும் வழிபாட்டின் வயதைக் கேட்டால் நானூறு ஆண்டு. கத்தோலிக்கர் மறைவிலிருந்து வெளியே வந்து பகிரங்கமாகக் கோவில் கட்டிக்கொண்ட காலத்தைக் கேட்டால் இருநூறு ஆண்டுக்குச் சற்று மேல். கண்ணெதிரே நிற்கும் சுவரையும் கூரையையும் தரையையும் கேட்டாலோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதைச் சொல்லும். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கத்தின் பழமையில் கல்லில் தங்கியது கொஞ்சம். சொல்லிலும், சுரூபம் எனப்படும் திருச்சிலையிலும், வழக்கத்திலும் தங்கியதே அதிகம். ஆகவே கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் பாதியைக்கூடப் பார்த்தவராக மாட்டார். மீதியைப் பார்ப்பதற்கு நான் பிள்ளைகளுக்குக் காட்டும் வழியை, காட்டும் ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன். அதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும்.

போவதற்கு முன்

வார நாள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காலைப் பூசை முடிந்து ஆட்கள் கலைந்தபின், வெயில் ஏறுவதற்கு முன்னான நேரம் நல்லது. ஞாயிற்றுக்கிழமை போனால் வழிபாட்டைக் காணலாம், கோவிலைக் காண முடியாது. தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். வயதான பெண்கள் சேலைத் தலைப்பால் முக்காடு இடுவதைக் காண்பீர்கள், ஆனால் விருந்தாளியிடம் அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. வாசலில் செருப்புகள் கழற்றிக் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தால் பின்வரிசை வாங்கில் அமைதியாக உட்காரலாம், மற்றவர்கள் எழும்பும்போது எழும்பலாம்; நற்கருணை வாங்க வரிசையில் போவது மட்டும் கத்தோலிக்கருக்கு உரியது, அந்த நேரத்தில் இருந்த இடத்திலேயே இருந்துவிடுவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

படம் எடுப்பதைப்பற்றி ஒரு சொல். இளம் வயதில், பெயர் சொல்லாமல் விடும் ஒரு கோவிலில், யாருமில்லை என்று நினைத்து ஃபிளாஷ் வெளிச்சத்தோடு பீடத்தைப் படமெடுத்தேன். தூணுக்குப் பின்னால் முழங்காலில் இருந்த ஓர் ஆச்சி திரும்பிப் பார்த்து, "தம்பி, நான் கதைச்சுக் கொண்டிருக்கிறன்" என்றார். அவர் யாரோடு கதைத்துக்கொண்டிருந்தார் என்பது விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அன்றிலிருந்து முதல் அரை மணித்தியாலத்துக்கு கமராவைப் பையிலேயே வைத்திருக்கிறேன், பிறகு அங்கே பொறுப்பாக இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு எடுக்கிறேன்.

கோட்டையில் தொடங்குங்கள்

கோவிலைப் பார்க்க வந்தவரைக் கோட்டைக்கு அனுப்புவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் பெரிய கோவில் ஏன் இவ்வளவு பிந்திய கட்டடமாக இருக்கிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். உள்ளே போனதும் முருகைக்கற்கள், அதாவது பவளப்பாறைக் கற்கள், இடிந்து குவிந்து கிடக்கும் ஓர் இடத்தைத் தேடுங்கள். டச்சுக்காரர் 1706இல் சிலுவை வடிவில் கட்டிய தேவாலயம் அங்கே நின்றது. 1990இல் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் அது அழிந்தது. அது கத்தோலிக்கக் கோவில் அல்ல, சீர்திருத்தத் திருச்சபையின், அதாவது புரட்டஸ்தாந்தரின், கோவில். அதற்கு முன்பு இந்தக் கோட்டை போர்த்துக்கேயருடையது, அவர்கள் அதற்கு இட்ட பெயரே 'அற்புதங்களின் மாதா கோட்டை' என்பதாகும். மாதாவின் பெயரால் கட்டிய கோட்டைக்குள் மாதாவுக்கு இடமில்லாமற்போன கதையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பெரிய கோவிலின் வாசலில் கால் வைக்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1540களில் பிரான்சிஸ் சவேரியார் தென்னிந்தியக் கரையோரத்தில் போதித்துக்கொண்டிருந்தபோது மன்னாரில் கிறிஸ்தவரானவர்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி 1544இல் கொல்லுவித்தான்; மன்னார் மறைசாட்சிகள் என்று இன்றும் நினைவுகூரப்படுபவர்கள் அவர்களே. 1619இல் பிலிப்பே டி ஒலிவேரா என்னும் போர்த்துக்கேயத் தளபதி யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினான். கடைசி அரசன் இரண்டாம் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் ஒலிவேராவின் கட்டளையால் இடிக்கப்பட்டது. ஆட்சியின் இருப்பிடமும் நல்லூரிலிருந்து இந்தக் கடலோரப் பட்டினத்துக்கு மாறியது. கத்தோலிக்கனாகிய நான் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியை விட்டுவிட்டு மற்றதைச் சொல்வதில்லை. பிரான்சிஸ்கன் சபையினரும் அவர்களைத் தொடர்ந்து இயேசு சபையினரும் குடாநாடு முழுவதும் பங்குகளை அமைத்தார்கள். அந்தக் காலம் நாற்பது ஆண்டுகூட நீடிக்கவில்லை.

1658 ஜூன் மாதத்தில், சில மாத முற்றுகைக்குப் பின், கோட்டை டச்சுக்காரர் கைக்குப் போனது. குருமார் வெளியேற்றப்பட்டார்கள்; ஒரு குருவானவருக்கு இடங்கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. பங்குக் கோவில்கள் சீர்திருத்தச் சபையின் கைக்கு மாறின. சுரூபங்களும் பீடங்களும் போய் அவ்விடங்களில் பிரசங்க மேடைகள் வந்தன. அந்த ஆண்டிலிருந்து 1665 வரை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்தேயுஸ் என்னும் டச்சுப் போதகர் 1672இல் வெளியிட்ட நூலில் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை போன்ற ஊர்களின் கோவில்கள் சித்திரங்களாக இருக்கின்றன. போர்த்துக்கேயர் காலத்துக் கோவில்கள் எப்படி இருந்தன என்று நாம் இன்று ஓரளவு அறிவது அவற்றை எடுத்துக்கொண்டவர்களின் கையால்தான்.

இனி வருவது இந்தக் கதையின் நடுப்பகுதி. 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் என்னும் குருவானவர் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றோட்டத்தில் விழுந்தார். தேறியபின், யார் கத்தோலிக்கர் என்று வாய்திறந்து கேட்க முடியாத ஊரில், கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சையெடுத்தார். செபமாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார். சில்லாலைக் கிராமம் அவரை மறைத்து வைத்தது. கோவில் இல்லை, குரு இல்லை, சுரூபம் இல்லை. இருந்தும் முப்பது ஆண்டுக்குப் பிறகு ஒரு செபமாலையை அடையாளம் காணும் கண்கள் அந்த ஊர்களில் இருந்தன. அவர் 1711இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். பெரிய கோவிலானாலும் கிராமக் கோவிலானாலும், உள்ளே அவருடைய படமோ சுரூபமோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

வெளியே ஒரு சுற்று

கோட்டைப் பக்கமிருந்து பிரதான வீதி வழியாகக் கிழக்கே நடந்தால் கத்தோலிக்க யாழ்ப்பாணம் வரிசையாக வரும்: பாடசாலைகள், கன்னியர்மடம், ஆயர் இல்லம். இந்த அயல் முழுவதும் பெரும்பாலும் ஒரே காலத்தின் படைப்பு. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். 1806இல் கத்தோலிக்கருக்கு எதிரான டச்சுச் சட்டங்கள் நீக்கப்பட்டன. 1845இல் யாழ்ப்பாணம், முழு மறைமாவட்டத்துக்கு முந்திய படியாக, தனி மறை ஆட்சிப்பகுதியானது. 1847இல் பிரான்சில் தோன்றிய குருமார் சபையான அமலமரித் தியாகிகள் சபையினர் வந்தார்கள். 1850இல் பின்னாளில் பத்திரிசியார் கல்லூரியாகிய பாடசாலை தொடங்கியது. 1862இல் திருக்குடும்பக் கன்னியர் பிரான்சிலிருந்து வந்தார்கள். 1886இல் யாழ்ப்பாணம் முழு மறைமாவட்டமாக உயர்ந்தது.

கோவிலை அடைந்ததும் நேரே உள்ளே போய்விடாதீர்கள். வளவைச் சுற்றி ஒருமுறை நடவுங்கள். முகப்பு என்பது கோவில் தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறது என்பதைச் சொல்லும். பக்கச் சுவரும் பின்சுவரும் அது எப்படிக் கட்டப்பட்டது, எப்போது நீட்டப்பட்டது, எங்கே உடைந்து மீண்டது என்பவற்றைச் சொல்லும். சாந்து பெயர்ந்த இடம் ஏதாவது இருந்தால் அருகில் போய்ப் பாருங்கள். சிறு துளைகளும் சிப்பி வடிவங்களும் தெரிந்தால் அது முருகைக்கல். குடாநாட்டில் கருங்கல் கிடையாது. கோட்டை முதல் கிணற்றுக்கட்டு வரை பழைய கட்டடங்களெல்லாம் நிலத்திலிருந்தும் கடலிலிருந்தும் எடுத்த சுண்ணக்கல்லாலும் முருகைக்கல்லாலும், அதையே சுட்டெடுத்த சுண்ணாம்பாலும் எழுந்தவை. நுண்ணிய பூவேலையைச் செதுக்க அந்தக் கல் இடங்கொடாது. ஆகவே இங்கே அலங்காரம் என்பது பெரும்பாலும் சுண்ணச்சாந்தில் எழுப்பியது: தூண்போல் சுவரில் புடைத்து நிற்கும் பட்டைகள், வளைவுகளைச் சுற்றிய வரம்புகள், முகப்பின் உச்சியில் முக்கோணம் அல்லது சிலுவை. கோவாவிலோ ஐரோப்பாவிலோ கண்ட சிற்ப நெருக்கத்தை இங்கே எதிர்பார்த்துக் குறை சொல்கிறவர்களுக்கு நான் கல்லைத்தான் காட்டுவேன்.

கூரைக்கு இந்த மண்ணின் கொடை பனைமரம். நன்கு முற்றிய பனையிலிருந்து எடுத்த வளையும் சிலாகையும் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியூர்களுக்கும் ஏற்றுமதியானவை. பழைய கிராமக் கோவில்களில் அண்ணாந்து பார்த்தால் கறுத்து மின்னும் பனஞ்சிலாகைகளை இன்றும் காணலாம். புதுப்பித்த கோவில்களில் அவற்றைப் பலகைத்தட்டு மறைத்திருக்கும்.

முன்றிலில் கொடிமரம் இருக்கிறதா என்று பாருங்கள். திருவிழாவுக்குக் கொடியேற்றுவதும், ஒன்பது நாள் நவநாள் நடப்பதும், முதல்நாள் மாலை நற்கருணை விழாவும், திருநாளன்று பூசைக்குப்பின் சுரூபத்தைக் கூட்டில் வைத்துத் தோளில் சுமந்து வீதி சுற்றுவதும் நல்லூரைப் பார்த்து வளர்ந்த எந்தச் சைவப் பிள்ளைக்கும் உடனே விளங்கும். வளவின் ஒரு மூலையில் பாறைபோல் அமைத்த கெபி இருந்தால், அதற்குள் நீல இடைக்கச்சை கட்டிய மாதா நின்றால், அது 1858இல் பிரான்சின் லூர்து நகரில் நிகழ்ந்த காட்சியின் நகல். ஆகவே கெபி அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. அதைக் கட்டுவித்தவர்கள் பிரெஞ்சுக் குருமாராகவோ அவர்களிடம் பயின்றவர்களாகவோ இருக்க இடமுண்டு.

உள்ளே நுழைந்ததும்

வாசலருகே தீர்த்தத் தொட்டி. அதற்கு அண்மையில் அல்லது ஒரு பக்கத்தில் ஞானஸ்நானத் தொட்டி. பழைய கோவில்களில் இது வாசற்பக்கத்தில் இருப்பதற்குக் காரணம், திருமுழுக்கே திருச்சபைக்குள் நுழையும் வாசல் என்பதாகும். பின்னர் நடுக்கூடத்தின் பின்முனையில் நின்று முழு நீளத்தையும் ஒருமுறை பாருங்கள். இருபுறமும் தூண் வரிசை இருந்தால் அவற்றுக்கு அப்பால் பக்கக் கூடங்கள். தூண்கள் எல்லாம் உங்கள் கண்ணை ஒரே இடத்துக்கு இழுத்துச் செல்லும். அதுதான் பீடம். கோட்டையில் நின்ற டச்சுக் கோவிலில் வார்த்தைக்கு முதலிடம், பிரசங்க மேடை முதன்மை. கத்தோலிக்கக் கோவிலில் பலிக்கு முதலிடம், பீடம் முதன்மை. சுரூபமும் படமும் மெழுகுதிரியும் இங்கே பெருகிக் கிடப்பதும் அங்கே வெள்ளைச் சுவர் வெறுமையாக நின்றதும் வெறும் இரசனை வேறுபாடல்ல. வழிபாட்டைப் பற்றிய இரண்டு கொள்கைகள் இரண்டு கட்டடங்களாக நின்றன.

பீடத்தை அணுகும்போது இரண்டு பீடங்கள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பின்சுவரோடு ஒட்டி, படிப்படியாக உயர்ந்து, மெழுகுதிரித் தண்டுகளும் சுரூப மாடங்களும் கொண்டது பழையது. அதற்கு முன்னால் மேசைபோலத் தனியே நிற்பது புதியது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு, அதாவது உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவைக்கு, முன், குருவானவர் மக்களோடு ஒரே திசையை நோக்கி நின்று இலத்தீனில் பூசை செய்தார். அதற்குப் பின் மக்களை நோக்கித் தமிழில் செய்கிறார். அந்தத் திருப்பம் முழுவதும் இந்த இரண்டு பீடங்களுக்கு இடையிலுள்ள சில அடி தூரத்தில் அடங்கியிருக்கிறது. முன்னே முழங்கால் உயரத்தில் கிராதி ஒன்று ஓடினால் அதுவும் பழைய முறையின் மிச்சம்: மக்கள் அதனருகே முழங்காலிட்டு நாவில் நற்கருணை வாங்கினார்கள். பல கோவில்களில் கிராதியைப் பிடுங்கிவிட்டார்கள். நற்கருணைப் பேழைக்கு அருகே எப்போதும் எரியும் சிறு விளக்கைக் கண்டால் அவ்விடத்தில் ஒரு கணம் நின்று தலைவணங்கிப் போவது கத்தோலிக்கர் அல்லாதவருக்கும் அழகு.

தரையைப் பார்க்க மறவாதீர்கள். பேராலயங்களில் ஆயர்களை உள்ளேயே அடக்குவதும் பெயர் பொறித்த கல்லைப் பதிப்பதும் நெடுங்கால வழமை. உரோமன் இலக்கங்களில் எழுதிய ஆண்டை வாசிக்கத் தெரிந்திருந்தால் நல்லது. பழைய சீமெந்துத் தரையையும் கல்வெட்டையும் மூடி வழுவழுப்பான மாபிள் பதிக்கும் ஆசை இப்போது நம் ஊர்க் கோவில்களைப் பிடித்திருக்கிறது. பணம் அனுப்பும் பிள்ளைகளின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை; ஆனால் நான் சிறுவனாயிருந்தபோது விரலால் தடவி எழுத்துக்கூட்டிய ஒரு கல் இப்போது அந்த மாபிளுக்குக் கீழே இருக்கிறது.

சுவர்களில் பதினான்கு படங்கள் அல்லது புடைப்புச் சிற்பங்கள் சுற்றிவரும். அவை சிலுவைப்பாதையின் நிலைகள். பதினான்கு என்ற எண்ணிக்கை 1731இல் உரோமையில் உறுதியானது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மக்கள் ஒவ்வொன்றின் முன்னும் முழங்காலிடுவார்கள். படத்தின் அடியில் எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இலத்தீனா, பிரெஞ்சா, ஆங்கிலமா, தமிழா என்பது அவை எங்கிருந்து, யார் காலத்தில் வந்தன என்பதை ஊகிக்க உதவும்.

சுரூபங்களை அடையாளம் காணுதல்

பெயர் எழுதாத சுரூபத்தைக் கையில் உள்ள பொருளால் அறியலாம். திறப்பு வைத்திருப்பவர் இராயப்பர், அதாவது பேதுரு. வாள் வைத்திருப்பவர் சின்னப்பர், அதாவது பவுல். உடம்பில் அம்புகள் தைத்திருந்தால் செபஸ்தியார். லீலிப்பூவும் முதிய முகமும் என்றால் சூசையப்பர். லீலிப்பூவோடு குழந்தை யேசுவையும் ஏந்திய இளம் துறவி என்றால் அந்தோனியார். பாதுவை என்ற ஊர்ப் பெயரோடு அறியப்பட்டாலும் அந்தோனியார் பிறந்தது போர்த்துக்கலின் லிஸ்பனில். போர்த்துக்கேயர் போன கரையெல்லாம் அவரும் போனார். பாசையூரில் ஜூன் மாதம் 13ஆம் திகதி கூடும் கூட்டத்தைப் பார்த்தால் அவர் இந்தக் கரைக்கு எவ்வளவு சொந்தமாகிவிட்டார் என்பது தெரியும். யாகப்பருக்கு, அதாவது யாக்கோபுக்கு, இரண்டு கோலம்: சிப்பியும் தடியும் கொண்ட யாத்திரிகர் ஒன்று, குதிரையேறி வாளோங்கிய வீரர் மற்றது. இரண்டாவது கோலம் ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளின் போர்க்கள நினைவு.

எதனால் செய்தது என்பது அடுத்த கேள்வி. தட்டிப் பார்க்காதீர்கள். உடைந்த விரல் அல்லது மூக்கு நுனி இருந்தால் போதும்: உள்ளே வெண்கட்டிபோல் இருந்தால் அச்சில் வார்த்த சாந்து, நார்வரி தெரிந்தால் மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் சாந்துச் சுரூபங்கள் அச்சில் வார்க்கப்பட்டு உலகமெங்கும் கப்பலேறின. இனிய முகம், மேல்நோக்கிய கண், ரோசாநிறக் கன்னம், பொன் ஓரமிட்ட ஆடை என்று எல்லா ஊரிலும் ஒரே சாயல். கலை அறிஞர்கள் இவற்றை மதிப்பதில்லை. நானும் ஒருகாலத்தில் மதித்ததில்லை. பின்னர் அவற்றின் பாதங்களைப் பார்க்கத் தொடங்கினேன். தொட்டுத் தொட்டு வர்ணம் போய், வெள்ளை தெரிந்து, அந்த வெள்ளையும் கைபட்டுக் கறுத்துப்போன பாதம் எந்தச் சுரூபத்துக்கு இருக்கிறது என்று தேடுங்கள். அந்தக் கோவிலில் மக்கள் யாரிடம் போகிறார்கள் என்பதைப் பிரதான பீடம் சொல்லாது, அந்தப் பாதம் சொல்லும். மரச் சுரூபம் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். அது கூட்டில் வைத்து வெளியே கொண்டுபோவதற்கென்று செய்ததாக இருக்கலாம், சாந்தைவிட மரம் வீதி சுற்றுவதைத் தாங்கும்.

எழுத்துகளில் அடிக்கடி வருபவை சில. ஐ, எச், எஸ் என்ற மூன்று இலத்தீன் எழுத்துகள் கிரேக்கத்தில் யேசுவின் பெயரின் முதல் எழுத்துகளிலிருந்து வந்தவை. ஏயும் எம்மும் பின்னியிருந்தால் 'ஆவே மரியா', மரியே வாழ்க. சிலுவையின் நடுவே ஓ, எம், ஐ என்று இருந்தால் அது அமலமரித் தியாகிகள் சபையின் முத்திரை. அதனுடன் வரும் இலத்தீன் வாசகத்தின் பொருள் 'ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்க என்னை அனுப்பினார்' என்பதாகும்.

சொற்களைக் கொண்டு காலம் கணித்தல்

இந்தப் படியை அவசரப்பட்டுக் கடக்கவேண்டாம். யாழ்ப்பாணத்துக் கோவிலுக்கே உரிய கலைப்பொருள் ஒன்றைக் காட்டு என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது சுவரிலும் செபப்புத்தகத்திலும் ஆச்சிமார் வாயிலும் இருக்கும் தமிழைத்தான். அதில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன.

அடியில் போர்த்துக்கேயம். கிறிஸ்து பிறப்பு விழாவை நாம் நத்தார் என்கிறோம். அது போர்த்துக்கேய நாத்தால். உயிர்ப்பு விழா பாஸ்கு, சிலுவை குருசு, திருத்தந்தை பாப்பரசர். நீங்கள் உட்கார்ந்திருக்கும் வாங்கு, சுவாமியார் இருக்கும் கதிரை, வெளிச்சம் வரும் யன்னல், திருவுடைகள் அடுக்கிய அலுமாரி, எல்லாம் அந்த மொழியிலிருந்து வந்தவை. கிளாலியில் உள்ள கோவிலைச் சந்தியோகுமையோர் கோவில் என்பார்கள். யாரோ தமிழ்ப் புலவர் வைத்த பெயர்போல் ஒலிக்கும் அதை மெல்லப் பிரித்தால் 'சந்தியாகோ மயோர்', பெரிய யாகப்பர். டச்சுக்காரர் கட்டடங்களைப் பறித்தார்கள். இந்தச் சொற்களைப் பறிக்கும் சட்டம் ஒன்றும் இயற்ற முடியவில்லை.

அதன்மேல் வடமொழி கலந்த பழைய வேதத்தமிழ். 'சேசு' என்றும், 'சர்வேசுரன்' என்றும், 'தேவமாதா' என்றும், புனிதர் பெயருக்கு முன் 'அர்ச்.' என்றும் கல்வெட்டில் கண்டால் அது பழைய தலைமுறையின் எழுத்து. அர்ச். என்பது அர்ச்சியசிஷ்ட என்பதன் சுருக்கம். பாவசங்கீர்த்தனம், மேற்றிராணியார், ஞானஸ்நானம் எல்லாம் இந்த அடுக்கைச் சேர்ந்தவை. டச்சுக்காலத்தில் மறைந்து பணியாற்றிய கோவாக் குருமாரில் ஒருவரான யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர். பெரிய வெள்ளிக்குரிய வியாகுலப் பிரசங்கம் அவருடையது. அச்சமும் மறைவும் நிறைந்த காலத்தில் ஓலையிலும் மனனத்திலும் இவை கைமாறி வந்தன.

மேலே உள்ளது வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்திய தமிழ்: திருப்பலி, திருமுழுக்கு, ஆயர், புனித, ஒப்புரவு. 'அர்ச். யாகப்பர்' என்ற பலகை பழையது, 'புனித யாகப்பர்' என்ற பலகை பிந்தியது என்று கொண்டால் பெரும்பாலும் தவறு வராது. தவறக்கூடிய இடமும் உண்டு: பழைய கல்லைப் புதுப்பிக்கும்போது எழுத்தையும் புதுப்பித்துவிடுவார்கள், அல்லது பழமையில் பற்றுள்ள ஒருவர் நேற்று வைத்த கல்லில் பழைய சொல்லைப் பொறித்துவிடுவார். ஆகவே சொல்லையும் கல்லையும் ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

குருநகரும் போரும்

பெரிய கோவிலிலிருந்து கடற்பக்கம் இறங்கினால் குருநகர். முன்பு கரையூர் என்று வழங்கிய கடற்றொழிலாளர் குடியிருப்பு. அங்குள்ள புனித யாகப்பர் ஆலயத்தையும் அதே காலையில் பாருங்கள். 1993 நவம்பர் 13ஆம் திகதி விமானக் குண்டுவீச்சில் இக்கோவில் சிதைந்தது. உள்ளேயும் அயலிலும் இருந்தவர்கள் இறந்தார்கள். இன்று அது திருத்தி எழுப்பப்பட்டு நிற்கிறது. பழுதான பகுதிக்கும் பழுதாகாத பகுதிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சாந்தின் நிறத்திலும் வளைவுகளின் ஒழுங்கிலும் தேடிப் பார்க்கலாம், ஆனால் அங்கே நிற்கும் பெரியவர்கள் கதைக்கத் தொடங்கினால் கட்டடத்தை விட்டுவிட்டு அவர்களைக் கேளுங்கள். நேரமிருந்தால் 1995 ஜூலை 9இல், அடைக்கலம் தேடி வந்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் குண்டுக்குப் பலியான நவாலி பேதுருவார் கோவிலுக்கும் போகலாம். அந்தப் பயணத்துக்குக் கமரா வேண்டாம்.

யாகப்பரின் நாள் ஜூலை 25. அதையொட்டிய நாட்களில் ஊரில் இருப்பீர்களானால் குருநகரை இரவில் பாருங்கள்.

சேமக்காலையும் பதிவேடும்

கடைசிப் படி சேமக்காலை. கல்லறைத் தோட்டத்துக்கு யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் சொல்லும் சொல் அது. கோவிலுக்குள் தேடிய போர்த்துக்கேயம் இங்கே பெயர்களாகப் படுத்திருக்கும்: பஸ்தியாம்பிள்ளை என்பதில் செபஸ்தியாவோவும், சுவாம்பிள்ளை என்பதில் ஜொவாவோவும், சந்தியாப்பிள்ளை என்பதில் சந்தியாகோவும், நீக்கிலாப்பிள்ளை என்பதில் நிக்கொலாவும், தியோகுப்பிள்ளை என்பதில் தியோகோவும் இருக்கிறார்கள். ஒவ்வொன்றோடும் தமிழ் 'பிள்ளை' ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் காலத்து ஆயர் ஒருவரின் பெயரே தியோகுப்பிள்ளை. பழைய கல்லறையிலிருந்து புதியதை நோக்கி நடந்தால் இந்தப் பெயர்கள் மெல்ல மெல்லக் குறைந்து, அருள், அன்பு, ஞானம் என்று தொடங்கும் பெயர்களும் ஆங்கிலப் பெயர்களும் ஏறுவதைக் காண்பீர்கள்.

உங்கள் முன்னோரைத் தேடி வந்தவரானால் பங்கின் அறைவீட்டில், அதாவது பங்குத்தந்தை தங்கும் இல்லத்தில், திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் பற்றி விசாரிக்கலாம். திடீரென்று போய் நிற்காமல், ஊர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற விவரங்களோடு பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதுங்கள். பழைய ஏடுகளில் பதிவு இலத்தீனில் இருக்கலாம். அருளப்பர் யோவான்னெஸ் ஆகவும், இராயப்பர் பெத்ருஸ் ஆகவும் மாறியிருப்பார்கள். ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள், பெற்றோர் பெயரில் அறுந்துபோன உறவு அந்த இரண்டு பெயர்களில் அகப்படுவதுண்டு. போரிலும் இடப்பெயர்விலும் போன ஏடுகளும் உண்டு. உங்களுக்கு வேண்டிய ஆண்டு அங்கே இல்லை என்றால் சேமக்காலைக்குத் திரும்பிப் போய், தண்ணீர் ஊற்றி அழுக்குப் போக்கி, சாய்ந்த வெயிலில் கல்லை வாசியுங்கள். மாலை நாலரை மணிக்கு மேல் எழுத்து நன்றாகத் தெரியும்.